வெளிமானும் வெட்டவெளியும்

வனவிலங்குகளைக் கூட்டங் கூட்டமாகக் காண வேண்டுமானால் ஆப்பிரிக்காவுக்குத்தான் பிரயாணமாக வேண்டும் என்று நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த எண்ணம் சற்று அதிகமாகவே உண்டு. நம் பக்கத்தில் மலை கிடையாது. மலை இல்லாத சீமையில் காடு எங்கிருந்து வரும்? காடு இல்லாத சீமையில் மான் எங்கிருந்து வரும்? நெல் வயலும், தென்னந்தோப்பும், வாழைக்கொல்லையும், வெற்றிலைக் கொடிக்காலுமே சோழநாடு என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஆப்பிரிக்காவின் கானகங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கு 'சபாரி' என்று பெயர். ஸ்வாஹிலி பாஷையில் அந்தச் சொல்லுக்குப் பிரயாணம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அது அரபிச் சொல்லிலிருந்து வந்தது. நாகூர், அதிராம்பட்டினம் பக்கங்களில் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டி வருவோரைச் 'சபராளி' என்று சொல்வதை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஆகவே சொல் நமக்குப் புதிதன்று. அச்சொல் குறிக்கும் காட்சியும் நமக்குப் புதிதாயிருக்க வேண்டியதில்லை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கிழக்கு மூலையில், வேதாரண்யத்திற்கு அப்பால், கோடிக்கரை இருக்கிறது. கோடியக்கரை என்றும் சொல்வார்கள். மேய்ந்து திரியும் மான் கூட்டமும், கழி நிறையப் பறவைகளும் அங்கே உண்டு.

நிலத்தின் மூலை

தேசப்படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் இடம் எளிதில் விளங்கும். சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வருகிறது. கோடிக்கரைக்கு வந்ததும், சுவரின் மூலையில் திரும்புவது போல, சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் ஜலசந்தி. வடமேற்கிலும் மேற்கிலும் உப்பளங்களும் பெரிய சதுப்பு நிலமும் இருக்கின்றன. இந்தச் சதுப்பு அதிராம்பட்டினத்துப் பக்கம் வரையில் கடலோரமாகவே நீண்டு கிடக்கிறது. நடுவழியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. தமிழ்நாட்டிலுள்ள அலையாத்திக் காடுகளில் இதுவே பெரியது.

கோடிக்கரைக் காடு மணல் மேட்டின்மீது நிற்கும் காடு. பாலை மரம் அதில் பிரதானம். அதன் பழம் மனிதருக்கும் குரங்குக்கும் நரிக்கும் பொது உணவு. நாவல், உகாய், சங்கஞ்செடி, காரை முதலியவை அடுத்தடுத்து நெருங்கி வளர்ந்திருக்கின்றன. மழை குறைந்த மாதங்களிலும் இலை உதிராத காடு இது. மரங்கள் உயர்ந்து ஓங்குவதில்லை. கடற்காற்று அவற்றின் தலையைத் தட்டித் தட்டி வளர்க்கிறது. காட்டுக்குள்ளே 'ராமர் பாதம்' என்று ஒரு மேடு உண்டு. ஸ்ரீராமன் இங்கே நின்று இலங்கையை நோக்கினான் என்பது ஐதிகம். சில படிகளே ஏற வேண்டும். ஆயினும் சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயர்ந்த மண் கிடையாது.

இந்தக் காட்டையும், காட்டுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெளியையும் சேர்த்து 1967-ஆம் வருஷம் ஜூன் மாதம் வனவிலங்குச் சரணாலயமாக்கினார்கள். சரணாலயத்தின் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். பின்னர் 2002-இல், சதுப்பு நிலத்தையும் அலையாத்தியையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பிரதேசம், ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

பட்டா இல்லாத மிராசுதார்

1967-இல் இந்தச் சரணாலயம் ஏற்பட்டது முக்கியமாக ஒரு பிராணியைக் காப்பதற்காக. அதற்குத் தமிழில் பெயர்கள் பல. வெளிமான் என்போம்; புல்வாய் என்போம்; திருகுமான் என்போம். சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தைப் பாடும்போது திருகிய கொம்புள்ள இரலையையும் அதன் பிணையையும் மறப்பதில்லை. அந்த இரலையும் இதுவே.

பெயருக்கு மான் என்றாலும் இதற்கும் புள்ளிமானுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. புள்ளிமானின் கொம்பு கிளை விட்டு வளர்ந்து, பின்னர் விழுந்து, மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு விழுவதே இல்லை. ஆட்டுக் கொம்பைப் போல ஆயுள் முழுவதும் தலையில் நிற்கும். வளையம் வளையமாக வரி ஓடி, மூன்று நான்கு முறுக்கு முறுக்கிக் கொண்டு, இரண்டு அடிக்கு மேலும் வளர்வதுண்டு. கொம்பு பொதுவாக ஆணுக்கு மட்டுந்தான். பெண்ணும் குட்டியும் காய்ந்த புல்லின் நிறம். ஆணுக்கு வயது ஏற ஏற முதுகு கறுத்து, வயிறு வெண்மையாகவே நின்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் எடுப்பாகத் தெரியும்.

இனப்பெருக்க காலத்தில் ஆண்மான் செய்யும் காரியம் தஞ்சாவூர் வாசிகளுக்கு உடனே புரியும். அது தனக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்துக்கொள்கிறது. நிலத்தில் குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பச் சாணமிட்டு எல்லைக்கல் நாட்டுகிறது. அயலான் வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து, வெகு மிடுக்காக நடந்து காட்டுகிறது. அதிலும் அடங்காவிட்டால் கொம்போடு கொம்பு சிக்கிச் சண்டை நடக்கிறது. வாய்தாவும் இல்லை, வக்கீலும் இல்லை. வழக்கு சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது.

நாம் ஒரு தை மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம். காலை வெயில் ஏறுமுன் புல்வெளியில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பையன்களில் ஒருவன் கையைத் தட்டிவிட்டான். முதலில் ஒரு பெண்மான் நின்ற இடத்திலிருந்து நேர் மேலே துள்ளிற்று. அடுத்த கணம் கூட்டம் முழுவதுமே பந்துகளை வீசி எறிந்ததுபோல் துள்ளித் துள்ளி, பிறகு தாழ்ந்து ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அவர்களில் ஒரு சிறுமி கேட்டாள்: "இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பிறகு எதற்காக ஸார் இவ்வளவு வேகம்?"

யாரைக் கண்டு ஓடிற்று?

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே ஆப்பிரிக்கா வரையில் செல்ல வேண்டியிருக்கிறது. வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது. இவ்வளவு வேகத்தை அதற்குப் பழக்கிய ஆசிரியர், நிலத்தில் ஓடும் பிராணிகளிலெல்லாம் மிக விரைவான வேங்கையாகிய சிவிங்கி. இந்தியப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் சிவிங்கி ஏராளம். மன்னர்கள் அதைப் பிடித்துப் பழக்கி, வெளிமான் வேட்டைக்கு விடுவார்கள். 1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. அதன் பிறகு 1952-இல் இந்தியாவில் அந்த இனம் அற்றுப்போயிற்று என்று அறிவித்துவிட்டார்கள். எழுபது வருஷங்கள் கழித்து, 2022 செப்டம்பரில், ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோ வனத்தில் விட்டார்கள்.

துரத்தியவன் போய்விட்டான், ஓடியவனுக்கு ஓட்டம் மறக்கவில்லை. கோடிக்கரையில் இன்று வெளிமானுக்கு இயற்கையான எதிரி நரிதான். அதுவும் புல்லில் ஒளிந்து கிடக்கும் இளங்குட்டியைத்தான் பிடிக்கும். தாய்மான் குட்டியைப் புற்புதரில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்வதால், உயர்ந்த புல் இருந்தால்தான் குட்டி பிழைக்கும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் வேட்டைக்காடுகள் நம் நாட்டில் பல இருந்தன. குஜராத்தில் பாவ்நகர் மகாராஜாவின் புல்வெளி வெளிமான் வேட்டைக்காகவே வைக்கப்பட்டிருந்தது. இன்று அது சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வேளாவதார் தேசியப் பூங்கா. கடல் கடந்தும் இந்த மான் சென்றிருக்கிறது. 1932-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் சில செல்வர்கள் இதைத் தங்கள் பண்ணைகளில் விட்டார்கள். இப்போது அங்கே பல்லாயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. பணம் கட்டினால் சுடவும் செய்யலாம். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது; சுட்டவர் சிறை செல்ல வேண்டும்.

வேலியை எடுத்த கதை

தென்னாப்பிரிக்காவில் சாபி சாண்ட் என்று ஒரு தனியார் வனம் இருக்கிறது. நிலச் சொந்தக்காரர்கள் பலர் சேர்ந்து, தங்கள் பூமிகளை ஒன்றாக்கி, சுமார் 65,000 ஹெக்டேர் பரப்பில் மிருகங்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் குரூகர் என்னும் பெரிய அரசாங்கத் தேசியப் பூங்கா. இரண்டுக்கும் இடையில் நெடுங்காலம் வேலி இருந்தது. 1993-இல் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். யானையும் சிங்கமும் தண்ணீரும் புல்லும் உள்ள திசையில் தடையின்றிப் போய் வரலாயின. நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து கட்டணம் செலுத்தி மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்க வருவது மிருகங்களை. மிருகங்களை வைத்துக் காப்பாற்றுவதோ விஸ்தாரமான இடமும், அங்கிருந்து வேறிடம் போகும் வழியும்.

கோடிக்கரை மானுக்கு அந்த வழி இல்லை. இரண்டு பக்கம் கடல். மற்ற பக்கங்களில் உப்பளமும், சதுப்பும், ஊர்களும். வறட்சியோ புயலோ வந்தால் அது புறப்பட்டு எங்கும் போக முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவின் தென்னை மரங்கள் சாய்ந்ததை நாம் அறிவோம். கோடிக்கரைக் காட்டின் மரங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மான்களும், அங்கே காடேறித் திரியும் மட்டக்குதிரைகளும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. சிலவற்றின் உடல்கள் வெகு தொலைவில் கரை ஒதுங்கின. எஞ்சியவற்றின் சந்ததிதான் இன்று மேய்ந்துகொண்டிருப்பது.

மரம் நட்டால் புண்ணியமா?

புயல் ஒரு நாளில் வந்து போவது. மெள்ள மெள்ள வரும் ஆபத்து வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஏனென்றால் அதன் பெயர் மரம்.

மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் சொல்லி வருகிறோம். அது பொதுவிதி. வெளிமானுக்கு அந்த விதி செல்லாது. அதன் பெயரிலேயே வெளி இருக்கிறது. அது வெட்டவெளியின் பிராணி. தொலைவிலிருந்து பகையைக் காண வேண்டும். கண்டதும் நேரே ஓட வேண்டும். குனிந்தால் வாய்க்குப் புல் அகப்பட வேண்டும். அடர்ந்த புதரில் அதற்குக் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது.

சீமைக்கருவேல் அமெரிக்க கண்டத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உவர்மண்ணைக் கண்டு அஞ்சாது; வறட்சிக்கும் அஞ்சாது. கோடிக்கரைக்கும் வந்து, புல்வெளியின் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து முள்வேலியாகப் பரவிற்று. இதில் பெரிய விபரீதம் என்னவென்றால், அதன் இனிப்பான நெற்றை மாடும் குதிரையும் மட்டுமல்ல, வெளிமானும் விரும்பித் தின்கிறது. விதை ஜீரணமாகாமல் சாணத்தோடு புல்வெளியில் விழுந்து முளைக்கிறது. தன்னைத் துரத்தப்போகும் மரத்தைத் தானே விதைத்து வளர்க்கிறது அந்தப் பேதைப் பிராணி!

வனத்துறையினர் அவ்வப்போது இந்த மரத்தை வெட்டி அகற்றி வருகிறார்கள். வேரோடு பறிக்காவிட்டால் அது மறுபடி தழைத்துவிடும். இதற்கிடையில் மிஞ்சிய புல்லுக்குப் புள்ளிமானும், மட்டக்குதிரையும், ஊர் மாடும் போட்டி. புல் குட்டையானால் குட்டி ஒளிய இடமில்லை. ஒளியாத குட்டி நரிக்கு. இப்படியாக, எங்கோ விறகுக்கென்று கொண்டுவந்த விதை இங்கே மான்குட்டியின் உயிரில் வந்து முடிகிறது.

பொட்டல் என்று நாம் இகழும் புல்வெளியைப் பொட்டலாகவே வைத்திருப்பதுதான் இங்கே செய்ய வேண்டிய தர்மம்.

வடதுருவத்து விருந்தாளிகள்

மானைப் பார்த்தவர்கள் அப்படியே சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே விருந்தாளிகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே 250-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கண்ணைக் கவர்வது பூநாரை. ஏறக்குறைய நாலரை அடி உயரம். மெல்லிய இளஞ்சிவப்புக் கால்கள். கேள்விக்குறிபோல் வளைந்த கழுத்து. அது சாப்பிடும் விதம் விநோதமானது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைச் சேற்று நீரில் அளைந்து, நீரை வெளியே தள்ளிவிட்டு நுண்ணுயிர்களை மட்டும் சல்லடைபோல் வடித்து எடுத்துக்கொள்கிறது. மிகுந்த உப்பு நீரில் வளரும் சின்னஞ்சிறு இறாலிலும் பாசியிலும் உள்ள சாயமே அதன் இறகுக்குச் சிவப்பேற்றுகிறது. இந்தியாவில் இது பெருங்கூட்டமாகக் கூடி முட்டையிடுமிடம் கட்ச் பிரதேசத்து ரண் என்னும் உப்பு வெளி.

பூநாரையைவிட ஆச்சரியமானது கொசு உள்ளான். பெயருக்கேற்ற உருவம், எடை 30 கிராமுக்கு உட்பட்டது. ஒரு தபால் உறையின் கனந்தான். அது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பிரதேசத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே பனி மூடுமுன் புறப்பட்டு, ஆசியா கண்டத்தைக் கடந்து இங்கே வந்து சேற்றில் புழு பொறுக்குகிறது. கோடையில் திரும்பிவிடுகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவை அறிஞர் ஸாலிம் அலியின் தலைமையில் தொடங்கி, இங்கே பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண்ணிட்ட இலேசான உலோக வளையம் மாட்டிப் பறக்க விட்டு அவற்றின் பிரயாணத்தை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். வளையத்தோடு கூடிய பறவை வேறொரு தேசத்தில் அகப்பட்டால், அது போன வழி தெரிந்துவிடும்.

கடற்கரைக்கும் ஒரு விருந்தாளி உண்டு. தை, மாசி, பங்குனி மாதங்களில் இரவு வேளையில் பங்குனி ஆமை கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. நரிக்கும் நாய்க்கும் இரையாகாமல் அம்முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

கடலில் கலக்கும் தண்ணீர்

இந்தச் சதுப்பின் ஜீவநாடி எது? காவேரிதான். காவேரியின் கிளைகளும் வடிகால்களும் கடைசியாக வந்து சேரும் இடம் இது. கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் கழியில் கலக்கின்றன. வயல்களுக்குப் பாய்ந்து, வடிந்து, கடைமடையையும் கடந்த நீர் கடல்நீரோடு கலந்து, முழு உப்புமில்லாமல் முழு நன்னீருமில்லாமல் ஒரு பதத்துக்கு வருகிறது. அலையாத்தி முளைப்பதும், இறால் குஞ்சு வளர்வதும், மீன் பெருகுவதும் அந்தப் பதத்தில்தான். பறவை அவற்றைத் தேடி வருகிறது. வலைஞரும் அவற்றைத் தேடியே வருகிறார்.

நம் ஜில்லாவில் ஒரு பேச்சு உண்டு. 'இவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே!' என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கலாய்க்கிறோம். விவசாயியின் வாயிலிருந்து அது வருவது நியாயமே. கடைமடைக்காரர் ஒரு மடை நீருக்குப் படும் பாடு எமக்குத் தெரியாததன்று. எம் மாணவர்களில் பாதிப் பேர் அந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆயினும் 'வீண்' என்ற சொல்லை மட்டும் சற்றே யோசித்துச் சொல்ல வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவேரி நீர் அளந்து விடப்படலாயிற்று. மழை பொய்த்த வருஷங்களில் வாலுக்கு ஒன்றும் வருவதில்லை. நன்னீர் வராவிட்டால் கழி உப்பேறும், உப்பேறினால் அலையாத்தி வாடும், மீன் குறையும். உப்பு மிகுந்த நீரில் பூநாரைக்குச் சில காலம் விருந்து கிடைத்தாலும், மற்ற இனங்கள் இடம் பெயரும்.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து புறப்பட்ட தொண்டர்கள், 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பு நிலத்தில் தடையை மீறி உப்பு எடுத்தார்கள். சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்குத் துணை நின்றார். புல்லும் முளைக்காத உவர்ச்சேறு என்று யாவரும் ஒதுக்கிய அதே மண்ணில்தான் ஒரு தேசம் தன் உரிமையைக் கையால் அள்ளிற்று. பயனற்ற நிலம் என்று எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு வேதாரண்யத்தாரைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

காணச் செல்வோருக்கு

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் கோடிக்கரை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையுள்ள 37 கிலோமீட்டர் ரயில்பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023-இல் மறுபடி திறக்கப்பட்டது. கார்த்திகை முதல் மாசி வரை பறவைகளுக்கு நல்ல காலம். மானைக் காண விடியற்காலையும் மாலையும் உகந்தவை. உச்சி வெயிலில் அவை நிழலில் ஒதுங்கிவிடும். வனத்துறையின் அனுமதிச்சீட்டும், வழிகாட்ட ஒரு காவலரும் அவசியம். தூரதர்சினிக் கண்ணாடி ஒன்று இருந்தால் குடும்பம் முழுவதற்கும் போதும். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். ஒரு முறை போட்டால் அடுத்த முறை அது கேட்டு வாங்காது, பிடுங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு போனால் கொண்டு போனபடியே திருப்பிக் கொண்டுவாருங்கள். கைதட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் குறையில்லை. வேதாரண்யத்தில் திருமறைக்காடர், கோடிக்கரையில் குழகர். சுந்தரமூர்த்தி நாயனார் இந்தக் குழகரைக் கடற்கரையில் துணையின்றித் தனித்திருப்பவராகக் கண்டு மனம் நொந்து பாடியிருக்கிறார். இறைவனுக்குத் துணையாக இன்று மான் கூட்டம் இருக்கிறது. அந்தத் துணை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டுமானால், புல்லுக்கு இடம் விடவும், கழிக்குத் தண்ணீர் விடவும் நாம் சம்மதிக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.